ஐந்து நிமிஷப் பொறுமை

 

சங்கத்துக் கூட்டங்களிலும், ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்று பேசும்போதும், நம்மவர்களில் பலர் ஒரே பேச்சைப் பேசக் கேட்கிறோம். "சிகரெட்டை விடவேண்டும் என்றுதான் இருக்கிறது. இரண்டு மூன்று தடவை விட்டும் பார்த்தாயிற்று. ஆனால் அந்த நேரம் வந்துவிட்டால் மனம் கேட்கமாட்டேன் என்கிறதே!" என்கிறார்கள்.

கெடுதி என்று அறியாமல் புகை குடிப்பவர் இன்று எவருமில்லை. பெட்டியின் மேலேயே அழுகிய நுரையீரலின் படத்தைப் போட்டுத்தான் விற்கிறார்கள். ஆகையால் புகையின் தீமையை அடுக்கிக்கொண்டே போவது நமது நோக்கமன்று. "அந்த நேரம்" என்று அவர்கள் சொல்லுகிறார்களே, அது எவ்வளவு நேரம், எங்கிருந்து வருகிறது, அதை ஒரு முஸ்லிம் எப்படிக் கடப்பது என்பவற்றையே இங்கு பேச விரும்புகிறோம்.

மார்க்கத்தின் தீர்ப்பு

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். "அந்தக் காலத்துப் பெரியவர்கள் சிலர் சுருட்டுக் குடித்தார்களே, இப்போது மட்டும் எப்படி ஹராமாயிற்று?" என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492ஆம் ஆண்டுக்குப் பிறகுதான் மற்றக் கண்டத்தார் அதைக் கண்டார்கள். முஸ்லிம் நாடுகளுக்கு அது வந்து சேர்ந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலம் போய் ஏறக்குறைய ஆயிரம் வருஷம் ஆகிவிட்டிருந்தது. எனவே அதன் பெயரைச் சொல்லித் தடுக்கும் வசனமோ ஹதீதோ இல்லை. அக்காலத்து உலமாக்களில் சிலர் ஆகும் என்றார்கள். சிலர் மக்ரூஹ் என்றார்கள். சிலர் ஹராம் என்றார்கள். அதன் கெடுதி அன்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாததே இந்த அபிப்பிராய பேதத்துக்குக் காரணம். 1950ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் டாக்டர்கள் நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அதன் பின் ஐயத்துக்கு இடமில்லாது போயிற்று. புகையை விடாமல் குடித்து வருபவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரை அதுவே கொண்டுபோகிறது என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது.

தன்னைத்தானே அழிவில் தள்ளிக்கொள்ளக் கூடாது என்பது சூரத்துல் பகராவின் 195ஆம் வசனம் நமக்கு இடும் கட்டளை. தனக்கும் தீங்கு செய்யலாகாது, பிறருக்கும் தீங்கு செய்யலாகாது என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. கெடுதி தெளிவானதும் தீர்ப்பும் தெளிவாயிற்று. மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு 1995ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி கூடிய தனது 37ஆவது அமர்வில் புகை குடிப்பது ஹராம் என்று முடிவு செய்தது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் வேப் என்னும் மின்சிகரெட்டுக்கும் அதே தீர்ப்பை வழங்கியது. முன்னோரைக் குறை கூற வேண்டிய அவசியம் நமக்கில்லை. அவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். தெரிந்தவனிடம்தான் கேள்வி கணக்கும் அதிகம்.

வட்டிக்காரனின் வேலை

இனி அந்த நேரத்தைப் பார்ப்போம்.

சிகரெட்டு ஒன்றை இழுத்தால் அதிலுள்ள நிக்கோட்டின் என்னும் பொருள் சுமார் பத்து விநாடியில் மூளைக்குப் போய்ச் சேருகிறது. அங்கே ஒரு சுகத்தை உண்டாக்குகிறது. ஆனால் அது நிலைக்காது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் இரத்தத்திலுள்ள நிக்கோட்டினில் பாதி குறைந்துவிடும். குறையக் குறைய உடல் பரபரக்கிறது, மனம் சலிக்கிறது, காரணமில்லாமல் கோபம் வருகிறது. மறுபடி ஒன்றைப் பற்றவைத்தால் அந்தச் சலிப்பு அடங்குகிறது. "ஆஹா, சிகரெட்டு மனத்துக்கு எவ்வளவு ஆறுதல்!" என்று மனிதன் நினைத்துக்கொள்கிறான். அந்தச் சலிப்பைத் தந்தது முந்திய சிகரெட்டுத்தான் என்பதை அவன் எண்ணிப் பார்ப்பதில்லை.

சகோதரர்களே! நாம் வியாபாரிகள். இது எந்த மாதிரிக் கொடுக்கல் வாங்கல் என்று நமக்கு விளக்கவேண்டியதில்லை. நம்மிடமிருந்த பணத்தையே பறித்துக்கொண்டு, அதில் கொஞ்சத்தை நமக்கே கடனாகக் கொடுத்து, அதற்கும் வட்டி வாங்குகிறவனுடைய வேலை இது. சிகரெட்டைத் தொடாதவருக்கு நாள் முழுவதும் இருக்கிற சாதாரண அமைதியைத்தான், புகை குடிப்பவர் காசு கொடுத்து இரண்டு மணி நேரத்துக்கு வாங்குகிறார். முதல் தீருவதே இல்லை. வட்டியை ஹராமென்று விலக்கி நடக்கிற நம்மில் சிலர், நெஞ்சுக்குள்ளே இப்படியொரு வட்டிக்கடையை நடத்தவிடலாமா?

இந்த வட்டிக்காரனைப் பற்றி நல்ல செய்தி ஒன்றும் உண்டு. அவன் வாசலில் வந்து நின்று கூச்சல் போடும் நேரம் மிகவும் சொற்பம். புகையை விட்டவருக்கு வரும் கடுமையான ஏக்கம் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிஷத்தில் தணிந்துவிடும் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். சிலருக்குச் சற்று நீளலாம். புகை குடித்தாலும் தணியும்; குடிக்காவிட்டாலும் தணியும்! குடித்தால் மறுபடி அதே பலத்தோடு வரும். குடிக்காவிட்டால் நாளுக்கு நாள் பலம் குன்றி வரும். விட்ட முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் மிகக் கடுமை. இரண்டு முதல் நான்கு வாரங்களில் உடலின் தொந்தரவு பெரும்பாலும் அடங்கிவிடும். பிறகும் எப்போதாவது பழைய நண்பரையோ பழைய இடத்தையோ கண்டதும் ஏக்கம் தலைகாட்டும். அதுவும் சில நிமிஷமே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 20 தடவை ஏக்கம் வருவதாகவே வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம். மொத்தம் 100 நிமிஷம். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அதுவும் ஒரே மூச்சாகச் சுமக்கவேண்டிய பாரமன்று. ஐந்தைந்து நிமிஷமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆயுள் முழுவதும் சிகரெட்டில்லாமல் எப்படி இருப்பேன் என்று மலைக்க வேண்டாம். இந்த ஐந்து நிமிஷத்தை எப்படிக் கழிப்பது என்று மட்டும் கேட்டுக்கொண்டால் போதும்.

நோன்பு சொல்லும் சாட்சி

"என்னால் முடியாது" என்று சொல்லுகிற சகோதரர், ரமளான் மாதத்தில் தாம் என்ன செய்கிறார் என்பதை நினைத்துப் பார்க்கட்டும்.

புகை குடித்தால் நோன்பு முறிந்துவிடும் என்பது நாமெல்லோரும் அறிந்த சட்டம். நாளொன்றுக்கு இரண்டு பெட்டி குடிக்கிறவர்கூட ஸஹர் முடிந்து பஜ்ரு பாங்கு சொன்னதும் நிறுத்திவிடுகிறார். நமது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நோன்பின் நேரம் 13 மணிக்கு மேல். அத்தனை நேரமும் கடையில் நிற்கிறார், மூட்டை இறக்குகிறார், வாடிக்கைக்காரரிடம் பேசுகிறார். ஒரு சிகரெட்டும் இல்லை. இப்படி ஒரு மாதம்! கல்லாப் பெட்டிக்குப் பின்னால் மறைந்து நின்று இரண்டு இழுப்பு இழுத்தால் எந்த மனிதனுக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் இழுக்கவில்லை. அல்லாஹ் பார்க்கிறான் என்ற ஒரே எண்ணம் அவரைப் பிடித்து நிறுத்தியது.

13 மணி நேரம் முடிந்தவருக்கு ஐந்து நிமிஷம் முடியாதா? பலமில்லை என்று சொல்லுவதற்கில்லை. பலம் இருக்கிறது, நோன்பே அதற்குச் சாட்சி. அப்படியிருந்தும் ரமளான் முடிந்தபின் பழக்கம் ஏன் தொடர்கிறது? நோன்பு திறந்து, பேரீச்சம்பழம் தொண்டையில் இறங்குமுன் சிலர் சிகரெட்டைத் தேடுகிறார்கள். பகலெல்லாம் பட்டினி போட்ட பாம்புக்கு இரவிலே பாலூற்றுகிறார்கள். உடல் நிக்கோட்டினை மறக்க ஆரம்பிக்கும் நேரத்தில் அதை மறுபடி நினைவூட்டிவிடுகிறார்கள். ஆகவே அடுத்த ரமளானில் இப்படிச் செய்து பார்க்கலாம்: நோன்பு திறந்ததும் மஃரிபைத் தொழுவது, அங்கிருந்து இஷா, தராவீஹ் வரை பள்ளியிலேயே இருந்துவிடுவது, பின்பு வீட்டுக்கு வந்து உறங்கிவிடுவது. இப்படி மூன்று இரவுகளைக் கடத்திவிட்டால் கடுமையான கட்டம் கடந்துபோயிற்று. மாதம் முடியும்போது உடலின் கணக்கும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். சிங்கப்பூரில் சுகாதார மேம்பாட்டு வாரியம் புகையை விடுகிறவர்களுக்கு 28 நாள் திட்டம் ஒன்றை நடத்துகிறது. நமக்கு அல்லாஹுத்தஆலா வருஷந்தோறும் 29 நாளோ 30 நாளோ கொண்ட திட்டத்தை முன்னமே தந்திருக்கிறான்.

ஆனால் ரமளான் வரட்டும் என்று காத்திருப்பதும் ஷைத்தானின் தந்திரமாகலாம். அந்தப் பலம் இன்றைக்கும் நம்மிடம் இருக்கிறது.

முதல் அடியிலே பொறுமை

பெண்மணி ஒருவர் கப்ரின் அருகே அழுதுகொண்டிருந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வழியே சென்றார்கள். அல்லாஹ்வை அஞ்சிப் பொறுமையாயிருக்கும்படி அவருக்குச் சொன்னார்கள். சொன்னது யார் என்று தெரியாமல் அப்பெண்மணி எதிர்த்துப் பேசிவிட்டார். பிறகு தெரிந்துகொண்டு, அவர்களின் வீட்டுக்கு ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். துன்பம் வந்து தாக்கும் முதல் அடியிலே பொறுப்பதுதான் பொறுமை என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி.

துக்கத்துக்குச் சொன்ன இந்தப் போதனை இச்சைக்கும் பொருந்தும். ஏக்கத்தின் முதல் அடியைத் தாங்கிவிட்டால் இரண்டாவது அடிக்குப் பலமில்லை. அந்த முதல் அடியைத் தாங்கும் கருவிகளை மார்க்கமே நமக்குத் தந்திருக்கிறது. அவற்றை வைத்தியர்களின் ஆலோசனையோடு சேர்த்துச் சொல்லுகிறோம்.

முதலாவது, எழுந்து இடம் மாறுவது. கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அதிலும் அடங்காவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டல். நிலையை மாற்றினால் மனமும் மாறும். ஏக்கம் வந்ததும் அந்த இடத்தில் உட்கார்ந்து அதனோடு வாதாட வேண்டாம். எழுந்து சரக்கு அடுக்கலாம். கடை வாசலைக் கூட்டலாம். நாலு கடை தள்ளி நடந்துவிட்டு வரலாம்.

இரண்டாவது, தண்ணீர். ஒரு கோப்பைத் தண்ணீரை உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, மூன்று மிடறாகப் பிரித்து நிதானமாகக் குடிப்பது நமது சுன்னத்து. மெதுவாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லுவதே வைத்தியர்களின் யோசனையும். அதன்பின் குளிர்ந்த நீரில் ஒளு எடுத்துக்கொள்ளுங்கள். முகத்திலும் கையிலும் காலிலும் தண்ணீர் படும்போது உடலின் பரபரப்புத் தணிகிறது. ஒளு எடுத்து முடிப்பதற்குள் ஐந்து நிமிஷத்தில் பாதி போய்விடும்.

மூன்றாவது, மிஸ்வாக். புகை குடித்துப் பழகிய வாயும் விரலும் சும்மா இருக்கமாட்டா. எதையாவது தேடும். மிஸ்வாக் குச்சி சட்டைப் பையில் இருந்தால் விரலுக்கும் பிடிப்பு, வாய்க்கும் வேலை. வாயைச் சுத்தமாக்குவது, இறைவனின் பொருத்தத்தைத் தருவது என்று நாயகம் (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொன்ன பொருள் அது. சிகரெட்டுப் பெட்டி இருந்த அதே பையில் மிஸ்வாக்கை வைப்பது எவ்வளவு நல்ல மாற்றம்! அது கைவசமில்லாவிட்டால் ஏலக்காயோ கிராம்போ ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளலாம். பூண்டு, வெங்காயத்தைப் பச்சையாகத் தின்ற வாடையோடு பள்ளிக்கு வரவேண்டாம் என்று தடுத்த நபியின் உம்மத்தினர் நாம். புகை நாற்றத்தோடு ஸஃப்பில் நின்று பக்கத்தில் நிற்பவரை முகஞ்சுளிக்க வைக்கலாமா?

நான்காவது, மூச்சும் திக்ரும். சிகரெட்டு தரும் ஆறுதலில் ஒரு பங்கு, ஆழ்ந்து மூச்சை இழுத்து மெதுவாக விடுவதிலிருந்து வருவது. புகையில்லாமலும் அதைச் செய்யலாம். மெதுவாக மூச்சை இழுத்து விட்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் ஓர் இஸ்திஃபாரோ ஸலவாத்தோ ஓதிக்கொண்டு வாருங்கள். நூறு ஓதி முடிப்பதற்குள் வந்த விருந்தாளி போயிருப்பான்.

ஐந்தாவது, தொழுகை. பொறுமையைக் கொண்டும் தொழுகையைக் கொண்டும் உதவி தேடும்படி சூரத்துல் பகராவின் 153ஆம் வசனம் நமக்கு ஏவுகிறது. இந்த இரண்டும் அங்கே சேர்த்துச் சொல்லப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஏக்கம் வரும் நேரத்தில் பாங்கு சொல்லிவிட்டால் அதை அல்லாஹ்வின் உதவியென்று கொண்டு எழுந்துவிடுங்கள்.

கடைக்காரருக்குரிய சோதனைகள்

கடையில் இருப்பவருக்குச் சில சோதனைகள் தனியாக உண்டு. அவற்றை முன்கூட்டியே அறிந்து வழி செய்துகொள்ள வேண்டும்.

காலையில் கடை திறந்ததும் குடிக்கும் காப்பி, பதினோரு மணித் தேத்தண்ணீர், பகல் சாப்பாட்டுக்குப் பின் வரும் அசதி, இரவில் கல்லா எண்ணிக் கணக்கு எழுதும் நேரம் ஆகியவை பழக்கம் தவறாமல் கூப்பிடும் வேளைகள். இவற்றின் வரிசையை மாற்றுங்கள். காப்பியைக் கடை வாசலில் நின்று குடித்தவர் உள்ளே உட்கார்ந்து குடிக்கட்டும். சாப்பிட்டவுடன் வாய் கொப்பளித்து மிஸ்வாக்குச் செய்துவிடட்டும். கணக்கெழுதும்போது மகனையோ கடைத் தம்பியையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். இன்னொன்றும் அறியவேண்டும். புகை குடிப்பவரின் உடல் காப்பியின் சத்தைச் சீக்கிரமாகக் கழித்துவிடும். புகையை விட்டதும் அது நெடுநேரம் உடலில் தங்கும். வழக்கம்போல் நாலைந்து கோப்பை குடித்தால் கை நடுக்கமும் தூக்கமின்மையும் வரும். அதைச் சிகரெட்டில்லாத குறையென்று தவறாக எண்ணிவிடுகிறார்கள். காப்பியைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

முதல் வாரத்தில் சிடுசிடுப்பு வரும். வாடிக்கைக்காரர் இரண்டு தடவை விலை கேட்டாலே எரிச்சல் வரும். கடையில் வேலை செய்யும் பிள்ளைகள்மேல் அது பாயும். ஆகவே விடுகிற தேதியைக் குறித்துக்கொண்டு, முன்னதாகவே வீட்டாரிடமும் வேலையாட்களிடமும் சொல்லிவையுங்கள். "இந்த வாரம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று முதலாளி சொன்னால் மரியாதை குறையாது. தீபாவளிச் சரக்கோ பெருநாள் சரக்கோ வந்து இறங்கும் வாரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

விற்பனைப் பிரதிநிதி பெட்டியை நீட்டுவார். பழைய கூட்டாளி, "ஒன்றே ஒன்று, என்ன ஆகிவிடப் போகிறது?" என்பார். இதற்கு நீண்ட பதில் வேண்டாம். "அல்ஹம்துலில்லாஹ், விட்டுவிட்டேன்" என்ற ஒரு வார்த்தை போதும். மது ஹராமாக்கப்பட்ட செய்தி மதீனாவில் பரவியபோது அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் நண்பர்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்தவர் சிறுவயதினரான அனஸ் (ரலி) அவர்கள். செய்தி காதில் விழுந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிடும்படி அபூதல்ஹா (ரலி) அவர்கள் கட்டளையிட்டார்கள். மதீனாத் தெருக்களில் மது ஓடியது. மிச்சமிருக்கும் கோப்பையை முடித்துவிட்டுக் கொட்டுவோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களும் நெடுநாள் பழக்கத்துக்கு ஆளானவர்கள்தாம். மேசை டிராயரில் ஒரு பெட்டியை "எதற்கும் இருக்கட்டும்" என்று வைத்துக்கொண்டு சிகரெட்டை விடப்பார்க்கிறவர் இந்தச் சரித்திரத்தைச் சிந்திக்கட்டும்.

இங்கேதான் நம் மளிகைக் கடைக்காரருக்கும் உணவுக்கடைக்காரருக்கும் பெரிய சிக்கல் வருகிறது. மற்றவர் சிகரெட்டைத் தேடிப் போகவேண்டும். நமக்கோ அது கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கில் இருக்கிறது! விட நினைக்கிறவர் குறைந்தபட்சம் அந்த அடுக்கின் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேலும் ஒரு படி போகவேண்டும் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். குடிப்பது ஹராம் என்று தீர்ப்பான பொருளை விற்று வரும் இலாபம் எப்படிப்பட்டது என்பதையும் யோசிக்க வேண்டும். விற்பதும் ஆகாது என்றே உலமாக்கள் பலர் சொல்லுகிறார்கள். "சிகரெட்டு வைக்காவிட்டால் வாடிக்கை போய்விடும்" என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் காலமும் மாறிவருகிறது. சிங்கப்பூரில் 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் சிகரெட்டைப் பார்வைக்கு வைத்து விற்கக் கூடாது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு முதல் உணவுக்கடைகளில் புகைக்கத் தடை வந்தது. கடைகள் மூடிவிடவில்லை. பெண்களும் பிள்ளைகளும் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து சாப்பிட அது வசதியாகவும் ஆயிற்று. ரிஸ்கு அளிப்பவன் அல்லாஹ். ஹலாலான பொருளில் அவன் வைத்திருக்கும் பரக்கத்தை நம்பி, அந்த அடுக்கில் வேறு சரக்கை வைத்துப் பார்ப்போம்.

செலவையும் எண்ணிப் பார்ப்போம். ஒரு நாள் செலவு 17 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 6,205 ரிங்கிட். பத்து வருஷத்துக்கு 62,050. உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் வசதி வரவில்லை என்கிறவர், ஊரில் உள்ள தங்கை மகளின் கல்யாணத்துக்கு உதவ முடியவில்லை என்று வருந்துகிறவர், இந்தக் கணக்கைத் தம் பேரேட்டில் ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும். செல்வத்தை எப்படிச் சம்பாதித்தோம் என்று மட்டுமன்றி எதிலே செலவழித்தோம் என்றும் மறுமையில் கேள்வி உண்டு. விட்ட நாளிலிருந்து தினமும் அந்தத் தொகையை ஓர் உண்டியலில் போட்டு வையுங்கள். ஏக்கம் வரும்போது அதைக் கையில் தூக்கிப் பார்ப்பதும் ஒரு மருந்துதான்.

தவறி விழுந்தவருக்கு

சிலர் பத்து நாள் விட்டிருப்பார்கள். ஒரு துக்க வீட்டிலோ வியாபார நஷ்டத்திலோ மனமுடைந்து ஒன்றைப் பற்றவைத்துவிடுவார்கள். பிறகு, "எல்லாம் போயிற்று, நமக்கு விதித்தது இவ்வளவுதான்" என்று முழுப் பெட்டியையும் வாங்கிவிடுவார்கள். ஒரு நாள் வியாபாரம் நஷ்டமானால் கடையையே மூடிவிடுகிறோமா? அந்த ஒரு நாளின் நஷ்டத்தை எழுதிவிட்டு மறுநாள் வழக்கம்போல் கடை திறக்கிறோம். தௌபாவின் வாசலும் அப்படியே திறந்திருக்கிறது. அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நம்பிக்கை இழப்பது முஃமினுடைய குணமன்று. எந்த இடத்தில், யாரோடு, எந்த வேளையில் சறுக்கினோம் என்று பார்த்து, அந்த ஓட்டையை அடைத்துவிட்டு மறுபடி நடக்க வேண்டும். புகையை அடியோடு விட்டவர்களில் அநேகர் முதல் முயற்சியிலேயே வெற்றி கண்டவர்களல்லர்.

விட்ட பலன் கைமேல் தெரியும். கடைசிச் சிகரெட்டை அணைத்து 20 நிமிஷத்திலேயே இருதயத் துடிப்புக் குறையத் தொடங்குகிறது. சில வாரங்களில் இருமலும் மூச்சிரைப்பும் குறைகின்றன. ஒரு வருஷம் போனால், புகையினால் வந்த மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. ஐம்பது வயதானவர், "இனி விட்டு என்ன பயன்?" என்று கேட்க வேண்டாம். எந்த வயதில் விட்டாலும் பலனுண்டு.

மருந்தின் உதவியை நாடுவது ஈமானின் குறைவன்று. நோய்க்கு மருந்து தேடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். நிக்கோட்டின் பட்டியும் மெல்லும் பிசினும் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. மலேசியாவில் அரசாங்கச் சுகாதார நிலையங்களில் புகையை விடுவதற்கான கிளினிக்குகள் நடக்கின்றன. நாளொன்றுக்கு ஒரு பெட்டியோ அதற்கு மேலோ குடித்தவர்கள் அங்கே போவது நன்று. சர்க்கரை வியாதிக்கும் இருதய வியாதிக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், புகையை விடுவதை டாக்டரிடம் சொல்லவேண்டும். மருந்தின் அளவு மாறலாம். நோன்பு நேரத்தில் மெல்லும் பிசின் ஆகாது. பட்டியைப் பற்றி உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிகரெட்டுக்குப் பதிலாக வேப்புக்கு மாறுவது வழியாகாது. அதே நிக்கோட்டின்தான் அதிலும் இருக்கிறது. சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டு முதல் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

நம் எல்லோருடைய கடமை

இறுதியாக, புகை குடிக்காத சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. விட முயலும் ஒருவரைக் கேலி செய்யாதீர்கள். "எத்தனை நாளைக்குப் பார்ப்போம்!" என்ற ஒரு சொல் அவரைச் சாய்த்துவிடும். ஒரு காலத்தில் நம் விசேஷங்களில் வெற்றிலைத் தட்டோடு சிகரெட்டும் வைத்து உபசரித்தார்கள். அந்த மரியாதை இனி நமக்கு வேண்டாம். விடுகிற இருவரோ மூவரோ கூட்டாகச் சேர்ந்து, ஏக்கம் வரும் நேரத்தில் ஒருவரையொருவர் டெலிபோனில் கூப்பிட்டுக்கொள்ளட்டும். ஐந்து நிமிஷப் பேச்சு போதும், அவ்வளவுதானே தேவை! ஒவ்வொரு பள்ளியிலும் சங்கத்திலும் இதற்கென்று முன்வரும் பெரியவர் ஒருவர் இருந்தால் அது பெரிய ஸதக்காவாகும். தந்தை விட்டால் மகன் தொடாதிருப்பான். முதலாளி விட்டால் அவருடைய புகையை வேண்டாமலே சுவாசித்து வந்த கடைப்பிள்ளைகளின் நெஞ்சும் தப்பும்.

தன் இறைவனின் முன்னிலையில் நிற்பதை அஞ்சி, மனத்தை அதன் இச்சையிலிருந்து தடுத்தவருக்குச் சுவர்க்கமே தங்குமிடம் என்று சூரத்துந் நாஸிஆத்தின் 40, 41ஆம் வசனங்கள் நன்மாராயம் கூறுகின்றன. மனத்தைத் தடுக்கும் அந்தப் பெரிய அமல், நம் கடைக் கல்லாவின் பக்கத்தில், ஒரு கோப்பைத் தண்ணீரோடும் ஒரு மிஸ்வாக் குச்சியோடும் ஐந்தே நிமிஷத்தில் நமக்குக் கிடைக்கிறதென்றால் அதை நழுவவிடலாமா?

யா அல்லாஹ்! நீ அமானிதமாகத் தந்த இந்த உடலையும் பொருளையும் உனக்குப் பொருத்தமான வழியில் பேணிக்கொள்ள எங்களுக்குத் தௌஃபீக்குச் செய்வாயாக! புகைப் பழக்கத்தில் சிக்கித் தவிக்கும் எங்கள் சகோதரர்களுக்கு அந்தச் சில நிமிஷங்களில் உன் உதவியை அனுப்புவாயாக! எங்கள் தொழிலில் ஹலாலையும் பரக்கத்தையும் நிரப்புவாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.